அம்மா கொடுத்த வளைகாப்புச் சோப்பு

எங்கள் அம்மா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அம்மா என்றதும் சொந்தக்காரர்களான உங்களில் பலருக்கு அந்தச் சோப்புதான் நினைவுக்கு வரும். "அதப் போயி எழுதணுமா?" என்று என் கணவர் கேட்டார். எழுதாவிட்டால் மறைப்பதாகிவிடுமோ என்று பயந்து எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் கூசுகிறது.

அம்மா பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார்கள். அப்பா மறைந்தபின் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவி எங்களைப் படிக்க வைத்தார்கள். மகளிர் குழுவில் சோப்பு செய்யக் கற்றார்கள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறியதும் தேங்காய் எண்ணெயில் ஊற்றிக் கிளறுவார்கள். தோலைப் பொசுக்கும் அந்தக் காரம் எண்ணெயோடு சேர்ந்து சில வாரங்களில் குளிக்கும் சோப்பாகிவிடும்.

என் வளைகாப்புக்கு வருவோரின் தாம்பூலப் பையில் தன் கையால் செய்த சோப்பைப் போட ஆசைப்பட்டார்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் வீட்டில் சேர்ந்திருந்த ரேஷன் பாமாயிலை ஊற்றினார்கள். சோடாவின் அளவை மாற்றவில்லை. பாமாயிலுக்கு அவ்வளவு சோடா வேண்டாம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மிஞ்சிய காரம் சோப்பிலேயே தங்கிவிட்டது.

வளைகாப்பு முடிந்த சில நாளில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, திருவள்ளூரிலிருந்து போன் செய்தார்கள்.

"இன்னா அண்ணி, சோப்பு குட்த்தியா, சுண்ணாம்பு குட்த்தியா? கையெல்லாம் தோலு உரியுது! கொழந்தைக்குப் போட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

மறுநாளே அம்மா ரயிலேறி, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு, சோப்புகளைத் திரும்ப வாங்கி வந்தார்கள். அதன்பின் உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. என் மகனின் காதுகுத்தில்கூடச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. "எல்லாரும் அவங்கவங்க கையப் பாத்துக்கினு என்னியப் பாப்பாங்கம்மா" என்றார்கள். அதைக் கர்வம் என்று சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அம்மாவுக்கு இருந்தது வெட்கம்தான்.

கடைசி நாட்களில் அத்தை மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டு வந்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"மூஞ்சத் திருப்பிக்கினே இரு அண்ணி. கஞ்சிய நானே குட்ச்சிட்டு, நீ குட்ச்சேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

அம்மா சிரித்துவிட்டார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள்.

அத்தைக்கும், உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த கேண்டீன் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அன்று உங்கள் வாசலில் வந்து நின்ற அம்மாவிடம் யாராவது 'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அம்மா அதை எங்களிடம் சொன்னதே இல்லை.

— மகள்