ராணிக்குத் தமிழ் தெரியும்

என் பெரியப்பா எல்லையில் சுட்டு வீழ்த்தியவர்களின் எண்ணிக்கை, நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில் நான்காக இருந்தது. ஆகஸ்ட் பிறப்பதற்குள் அதை நாற்பதாக உயர்த்தியிருந்தேன். இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

அவர் பட்டாளத்திலிருந்து திரும்பி, பந்தல்குடிப் பக்கம் எங்கள் ஊரில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த கரிசல் காட்டைத் திருத்தி மல்லியும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தார். அதோடு நின்றிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்து கிடந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் விடிந்ததும் தெருவில் நின்று விசில் ஊதினார். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மாமாக்களையும் சித்தப்பாக்களையும் உயரப்படி வரிசையாக நிற்கவைத்து எண் சொல்லச் சொன்னார்.

"மம்பட்டி பிடிக்கதுக்கு எதுக்குண்ணே ஒண்ணு, ரெண்டு?" என்று கேட்ட என் அப்பாவை, கண்மாய்க் கரை வரை ஓடிவிட்டு வரச் சொன்னார். அப்பாவும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லோரும் திட்டிக்கொண்டேதான் வெட்டினார்கள். ஆனால் அந்த ஐப்பசியில் கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவரையே கண்மாய் சங்கத் தலைவராக்கினார்கள். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்படிப்பட்ட மனிதர் போரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். அந்த இடைவெளியை நிரப்புவது என் கடமை என்று நினைத்தேன். அவருடைய வலது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு பெரிய தழும்பு இருந்தது. அது குண்டு பாய்ந்த இடம் என்று முடிவு செய்து பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

நம்பாதவள் ஒருத்திதான்: மளிகைக்கடைக்காரர் மகள். எதையும் தராசில் வைத்துப் பார்க்காமல் வாங்காத வீடு அது.

"நாப்பது பேரச் சுட்டிருந்தா பேப்பர்ல போட்ருக்க மாட்டாகளா?" என்றாள்.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிப் போர் அனுபவத்தைச் சொல்லும்படி தலைமையாசிரியை பெரியப்பாவை அழைத்திருந்தார். எனவே பந்தயம் கட்டினோம். நாற்பது என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், முழுப்பரீட்சை வரை என் புத்தகப் பையை அவள் சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவள் பையை நான்.

முந்தின நாள் சாயங்காலம், மாட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். "நாப்பதுன்னு சொல்லுங்க பெரியப்பா. அதுக்குக் கொறைக்காதீக."

"எது தாயி நாப்பது?"

"நீங்க சுட்டது."

அவர் மிச்சத் தட்டையையும் மாட்டுக்குப் போட்டார். "நாளைக்குப் பேசிக்கிருவோம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கொடியேற்றி முடித்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "எனக்குப் பட்டாளத்துல, காஷ்மீர் மலையில, கோவேறு கழுதைய நடத்திட்டுப் போற வேல."

கழுதை என்ற சொல் காதில் விழுந்ததும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. அது பின்வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தது.

அவரிடம் ஒப்படைத்த கழுதையின் பெயர் ராணியாம். அதற்கு இந்தி மட்டும்தான் தெரியும். அவருக்கு அதைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். 'நட' என்பதற்கு இந்தியில் எதையோ தப்பாகச் சொல்லப்போய் அது கையைக் கவ்விவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைத் தூக்கிக் காட்டினார். "இது அவ கடிச்சதுதான்." மளிகைக்கடை மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன்.

கடைசியில் அவருக்கு இந்தி வரவில்லை. ராணிக்குத் தமிழ் வந்துவிட்டது. அவர் ஊருக்கு வந்த பிறகு, புதிதாக வந்த வடக்கத்திக்காரரிடம் அது ஓர் அடிகூட நகரவில்லையாம். அங்கிருந்து போன் வந்தது. பந்தல்குடி பூத்தில் நின்றுகொண்டு, "ஏ ராணி, நடடி! சொன்னாக் கேளுடி!" என்று இவர் கத்த, அந்தப் பக்கம் போனைக் கழுதையின் காதில் பிடித்திருந்தார்களாம். பூத்துக்காரர் பயந்துபோய் வெளியே வந்து நின்றுகொண்டாராம். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். நான் மட்டும் அழாமல் இருப்பதற்குப் பாடுபட்டேன்.

மளிகைக்கடை மகள் எழுந்தாள். "நீங்க எத்தன பேரச் சுட்டீக?"

"ஒருத்தரையும் இல்ல தாயி. மலைக்கு மேல சண்ட போடுற ஆளுகளுக்கு மாவு, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாம் ஏத்திட்டுப் போவோம்."

"அப்ப கீழ வாரப்ப சும்மாதான வருவீக?" என்றான் ஒரு பையன்.

பெரியப்பா மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "இல்லய்யா. கீழ வாரப்பதான் லோடு கனம். போறப்ப அம்புட்டு அடம் பிடிக்கிற ராணி, வாரப்ப ஒரு கல்லுகூட உருளாம நடந்து வருவா. அவளுக்குத் தெரியும்."

அதற்கும் சில பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமையாசிரியை, "சத்தம் போடாதீங்க" என்று அதட்டினார். அவர் குரல் ஏதோ மாதிரி இருந்தது. பிறகு மிட்டாய் கொடுத்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு இரண்டு பை.

ஒரு வாரம் நான் பெரியப்பாவோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கனமான லோடு என்ன என்ற யோசனை மட்டும் விடவில்லை. காஷ்மீரில் ஆப்பிள் விளைகிறது என்று பாடப்புத்தகத்தில் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே காட்டுக்குப் போனேன். அவர் பருத்திக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மலையில இருந்து அம்புட்டு லோடு கொண்டாந்தீகளே, நம்ம வீட்டுக்கு ஒண்ணாச்சும் எடுத்தாந்தீகளா பெரியப்பா?"

அவர் களைக்கொத்தை நிறுத்தினார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. வெயிலில் முகத்தைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். இன்னொரு முறையும் துடைத்தார்.

"அது ஒவ்வொண்ணும் அவுகவுக வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியது தாயி" என்றார்.

பெரியப்பா கருமி என்று எனக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதையும் எல்லோரிடமும் சொன்னேன்.