ஓடுகிற வண்டிக்குக் கறுப்பு

2023 ஓகஸ்ட் 12: கறுப்பு எனாமல், கால் லீற்றர் – ரூ. 980
2023 ஓகஸ்ட் 19: அதே டின், உடைக்காமல் திருப்பிக் கொடுத்தது – ரூ. 980 வரவு
2023 ஓகஸ்ட் 19: சூடு தாங்கும் கறுப்பு, ஸ்ப்ரே டின் இரண்டு – ரூ. 4,600
2023 செப்டெம்பர் 9: கராஜ் கூலி – ரூ. 3,500
2024 மார்ச் 16: பெற்றோல், ஒரு லீற்றர் – ரூ. 371

ஒருநாளும் ஓட்டாத மோட்டார் சைக்கிளுக்கு தெரேசா செய்த செலவு இவ்வளவுதான்.

இரத்தோட்டைக்குப் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்தே அவருடைய வீட்டைப் பார்க்கலாம். ரோட்டோரம், பச்சைக் கதவு. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக வேலை செய்து, தாய்மார் கொழுந்து பறித்து வரும்வரை ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தொட்டிலில் ஆட்டிவிட்டு, ஓய்வு பெற்ற காசில் வாங்கிய வீடு. முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே, கட்டில் போட்டிருக்க வேண்டிய இடத்தில், ஒரு பழைய பி.எஸ்.ஏ. பாண்டம் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் கதிரைக்குப் போக வேண்டும்.

வண்டி தம்பி கிறிஸ்தோபருடையது. தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தபோது, வேலையை விட்டுப் போன டீமேக்கரிடம் வாங்கினான். தகப்பன் அந்தக் காலத்தில் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தெரேசா கட்டிப் போன வீட்டிலோ இலங்கைக்கு எழுதியிருந்தார்கள். இந்தியாவுக்குப் போகும் பேப்பர் வந்தபோது தாய், தகப்பன், தம்பி மூவரும் ஒரு பக்கம், தெரேசா ஒரு பக்கம். 1984 பெப்ரவரி 6, திங்கட்கிழமை, மாத்தளை ஸ்டேஷனுக்குப் போகுமுன் கிறிஸ்தோபர் வண்டியை அக்காவின் லயத்து வீட்டுக்கு ஓட்டி வந்தான். வாசலில் நிறுத்தினான். எஞ்சினை உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இனி நான் வந்துதான் இத ஸ்டார்ட் பண்ணுவேன். யாரும் ஒதைக்கக் கூடாது, அக்கா."

"எனக்கு வேற வேல இல்லையா? உன் வண்டிய நீயே வந்து ஒத."

அவ்வளவுதான் பேச்சு. அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்றுதான் போனான். போன இடம் பந்தலூர்ப் பக்கம், அங்கும் தேயிலை ஃபெக்டரி. இங்கே நாட்டில் சண்டை. பிறகு அவனுக்குக் கல்யாணம், பிள்ளைகள். பிறகு காசில்லை. காசு வந்தபோது பாஸ்போர்ட் இல்லை. ஃபெக்டரி ரோலர்களின் இரைச்சலில் காதும் போய்விட்டது. டெலிபோன் எடுத்தால் தம்பியின் மகள், தெரேசாவின் மருமகள்தான் பேசுவாள். அதனால் அக்காவும் தம்பியும் கடைசிவரை கடிதத்தை விடவில்லை.

எஞ்சினைச் சும்மா விட்டால் இறுகிவிடும் என்று தம்பி எழுதியிருந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தெரேசா ப்ளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் சொட்டு எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்லமெல்ல அமுக்கிச் சுற்றுவார். ப்ளக் இல்லாவிட்டால் எஞ்சின் பற்றாது. ஆகவே கொடுத்த வாக்கும் கெடாது. ஒருமுறை புருஷன் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டு வந்தார்.

"இத வித்தீங்கன்னா உங்களையும் கூடவே ஏத்தி அனுப்பிடுவேன்" என்றார் தெரேசா. அந்த மனிதர் 2011இல் சாகும்வரை பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2023 ஜூலையில் தம்பியின் கடிதம் வந்தது. பாஸ்போர்ட் கைக்குக் கிடைத்துவிட்டது, வருகிற ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தான். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு தெரேசா வண்டியைப் புதிதாக ஒருமுறை பார்த்தார். டாங்கி பரவாயில்லை. எஞ்சினைத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. சிலிண்டரின் கறுப்பு உரிந்து, துரு சிவந்து, மழையில் கிடந்த அடுப்புக்கல் மாதிரி இருந்தது. காபரேட்டர் மறைத்த மூலையில் மட்டும் நகக்கண் அளவு பழைய கறுப்பு மிச்சம். அதே கறுப்பு வேண்டும் என்று தேடினார். சட்டிக்கரியை வைத்துப் பார்த்தார், குடைத்துணியை வைத்துப் பார்த்தார். கடைசியில் தண்ணீரில் நனைத்த மிளகு ஒத்து வந்தது. நாலு மிளகைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினார்.

திருகோணமலை வீதியில் ஜைனுதீன் முதலாளியின் பெயின்ட் கடை. முதலாளி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மாத்தளைக்கு மிளகு விக்க வருவாங்க தங்கச்சி. மிளகக் காட்டிப் பெயின்ட் கேக்க வந்த மொத ஆள் நீங்கதான்."

"நனைச்சுப் பாருங்க நானா. நனைஞ்சா வர்ற கறுப்பு."

அவர் மிளகை விரலில் தொட்டு நனைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கேட்டார்: "எஞ்சினுக்கா? ஓடுற வண்டியா, சும்மா வச்சீக்கிற வண்டியா?"

"வச்சிருக்கிற வண்டிங்க. நாப்பது வருஷமா ஓடல."

"அப்ப என்னத்துக்குக் காசக் கொட்றீங்க? கேட்டுக்கு அடிக்கிற எனாமல் போதும். ஓடினாத்தான் சூட்டுல கருகிப் பொரியும். ஓடாட்டி ஒங்க காலத்துக்கும் அப்படியே ஈக்கும்."

தெரேசா காசைக் கொடுத்து டின்னை வாங்கினார். திரும்பும் பஸ்ஸில் மடியில் டின். ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போதுதான் அது உறைத்தது. ஓடாது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு அல்லவா வருகிறார். ஓடாது என்றால் உதைக்க ஆள் வராது என்றுதானே அர்த்தம். கிறிஸ்தோபர் வந்து ஒரு உதை உதைத்தால், இந்தப் பெயின்ட் அவன் கண் முன்னாலேயே பொரிந்து உரியும். அந்த வாரம் முழுக்க டின் ஜன்னலோரம் மூடி திறக்காமல் இருந்தது. சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனார்.

"என்ன, மிளகு வெல ஏறிட்டா?" என்றார் முதலாளி.

"ஓடுற வண்டிங்க நானா. அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

ஜைனுதீன் டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சூடு தாங்கும் கறுப்பில் மூன்று வகையை எடுத்து, அட்டையில் ஒவ்வொன்றாக விசிறிக் காட்டினார். ஒன்று கண்ணாடிபோல் மினுங்கியது. ஒன்று கரிபோல் செத்துக் கிடந்தது. நடுவில் இருந்ததன் பக்கத்தில் நனைந்த மிளகை வைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"ஒரு சங்கதி ஈக்கு" என்றார் முதலாளி. "இது காத்துல காயும், ஆனா இறுகாது. எஞ்சின ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மூணு தரம் அப்படிச் செஞ்சாத்தான் இரும்போட பிடிக்கும். அதுவரைக்கும் நகம் பட்டாலும் கோடு விழும்."

"ஈஸ்டர் வரைக்கும் தாங்குமா?"

"ஈஸ்டருக்கு இன்னும் ஏழெட்டு மாசம் கெடக்கே! அடிச்ச கையோட ஸ்டார்ட் பண்ணுங்களேன். ஆள் இல்லாட்டி என் மகன அனுப்புறன்."

"ஆள் இருக்குங்க. வரணும்."

முதலாளி ஸ்ப்ரே டின் இரண்டைப் பேப்பரில் சுற்றினார். "அப்ப சிலிண்டர மட்டும் கழட்டிட்டுப் போய் பேக்கரிப் போறணையில வைங்க. பாண் எடுத்த சூட்டுல ஒரே நாளையில இறுகிடும். என்ன, அடுத்த நாள் ஊரே பெயின்ட் வாசத்தோட பாண் திங்கணும்."

தெரேசாவும் சிரித்தார். ஆனால் போறணைக்கு உடன்படவில்லை. அது தம்பி உதைத்து வருகிற சூட்டில் இறுகட்டும்.

இரத்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் றினோஸ் சிலிண்டரைக் கழற்றினான். மண்ணெண்ணெயில் கழுவி, கம்பித் தூரிகையால் துருவை எடுத்து, மெல்லிய பூச்சாக மூன்று தரம் அடித்தான். திரும்பப் பூட்டும்போது வாய் பிளந்தான்.

"நாப்பது வருஷத்து எஞ்சின் மாதிரியா ஈக்கி? நேத்து நிப்பாட்டின மாதிரில்ல சுத்துது! ஆன்டி, ஒரே ஒரு ஒத ஒதச்சுப் பாக்கவா?"

"கால எடு மகன். ஒடச்சிடுவேன்."

"எஞ்சினயா?"

"கால."

வண்டி மறுபடி மாதா படத்தின் கீழ் வந்து நின்றது. கறுப்பு அப்படியே அன்றைய கறுப்பு. தெரேசா அதன்மேல் பழைய படுக்கை விரிப்பைத் தொடாமல் தொங்கவிட்டார். கிறிஸ்மஸ் அன்று ஆசை தாங்காமல் விரிப்பை விலக்கி, சிலிண்டரின் ஒரு செதிலில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக வைத்துப் பார்த்தார். பிறை மாதிரி ஒரு கோடு விழுந்தது. முதலாளி சொன்னது சரி, இன்னும் இறுகவில்லை. அதைத் தம்பியிடம் காட்டித் திட்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தவக்காலம் தொடங்கியதும் அவன் படுக்க முன்னறையில் பாய் போட இடம் பார்த்தார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு அளவாக இடம் இருந்தது.

2024 மார்ச் 16, சனிக்கிழமை காலை, தெரேசா போத்தலில் ஒரு லீற்றர் பெற்றோலோடு கராஜில் வந்து நின்றார்.

"தம்பி வந்துட்டாங்களா ஆன்டி?" றினோஸ் சந்தோஷமாக எழும்பினான்.

"கடிதம் வந்துட்டு. வண்டிய வெளிய எடுக்கணும், வா."

அவன் கருவிப் பெட்டியோடு கூட வந்தான். பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றினான், புது ப்ளக் போட்டான். அது தன் கணக்கு என்றான். உதைக்கப் போனவனை தெரேசா கையால் விலக்கினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி உதைத்தார். பிறகு எண்ணவில்லை. செருப்பு கழன்று போன நேரத்தில் எஞ்சின் இருமியது, நீலப் புகையைக் கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அதே சத்தம். லயத்து வாசலில் அவன் அணைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது கேட்ட சத்தம். புதுப் பெயின்ட் சூடேறி நாறியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். தெரேசா அணைத்து ஆறவிட்டார், மறுபடி ஓட்டினார். மூன்றாம் தரம் ஆறிய பிறகு சிலிண்டரில் நகத்தை வைத்தார். கோடு விழவில்லை. கிறிஸ்மஸ் அன்று விழுந்த பிறை மட்டும் அப்படியே இறுகி நின்றது.

கிறிஸ்தோபரின் கையெழுத்து அந்தக் கடிதத்தில் கொஞ்சம் ஆடியிருந்தது. நெஞ்சு சரியில்லை, பயணம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தான். "இனி எப்போது வருவேன் என்று எழுத மாட்டேன், அக்கா. எழுதினால் நீ காத்திருப்பாய். வண்டியை நீயே ஸ்டார்ட் பண்ணு. எனக்குக் கேட்காது என்று கவலைப்படாதே. அங்கே பக்கத்தில் நின்றாலும் எனக்குக் கேட்காது. எஞ்சின் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் எழுது."

மிளகு நிறம் என்று தெரேசா அன்றிரவே எழுதினார். பதில் வரவில்லை. மே மாதம் மருமகள் டெலிபோனில் அழுதாள். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இப்போது ப்ளக்கைக் கழற்றுவதில்லை. வண்டியை வாசலுக்குத் தள்ளி, உதைத்து, ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தம்பியின் கடைசிக் கடிதம் இரத்தோட்டைக்கு வந்து சேர்ந்தது 2024 மார்ச் 14, வியாழக்கிழமை.