என் பென் டிரைவில் வந்தது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இரண்டு வருடம், ஓசூரில் சில மாதம் இருந்தேன். வேலை போனதும் கம்பைநல்லூரில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து, ஊராருக்கு ஓய்வூதிய மனு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் போட்டுக்கொடுத்தாள். அதில் உளவு மென்பொருள் புகுந்திருந்தது. யாரும் தொடாதபோதே கேமரா விளக்கு எரிந்தது. கேமராக் கண்ணின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள்.

“என்னைப் பாத்தா பாத்துட்டுப் போவட்டும். ஊரு ஆதார் அட்டையெல்லாம் இதுலதான்டா கெடக்குது. சரியாவலைன்னா இந்த வேலையே வேணாம்” என்றாள்.

தேடி நீக்கினேன். அணைத்துப் போட்டால் திரும்ப வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். விளக்கு எரியவில்லை. தமிழில் அடிக்க வேண்டுமே என்று, என் பென் டிரைவிலிருந்து தட்டச்சு மென்பொருளைப் போட்டேன். காசு கொடுக்காமல் பெங்களூர் கடையில் நகலெடுத்தது அது. போன ஊர்களில் எல்லாம் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். அரை மணியில் விளக்கு எரிந்தது.

போன பொங்கலுக்கு வந்தபோதும் நான்தான் அதே தட்டச்சு மென்பொருளைப் போட்டுக்கொடுத்திருந்தேன்.

மறுபடி அழித்து, பென் டிரைவைத் தொடாமல் இரண்டு நாள் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சொல்லாமலே பஸ் ஏறியிருக்கலாம். அது எனக்குப் பழக்கம்தான். ஆனால் கம்ப்யூட்டரைத் துடைத்ததால் வெளியே போன விவரம் திரும்பி வராது. சொல்லிவிட்டேன்.

“ஏன்டா, வைத்தியம் பாக்க வந்தவனே சீக்கக் கொண்டாந்தியா?” என்றாள் அக்கா. பிறகு மனு போட்டவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். “வா. வூடு வூடா போய் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லணும். நீயே சொல்லு.”

முதல் வீட்டில் ஒரு பெரியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“பாஸ்வேர்டா? அது நீ போட்டதுதான கண்ணு. எனக்கு எங்க தெரியும்?”

அக்கா தலை குனிந்தாள். “மறந்துடுவாங்கன்னு ஊருக்கே ஒன்னுதான்டா போட்டேன்” என்றாள் என்னிடம், மெதுவாக.

பெரியவர் செல்போனை எடுத்து, என்னைத் தாண்டி அவளிடம் நீட்டினார். “நீயே மாத்திக் குடு. உன்னைய விட்டா நான் எங்க போவேன்?”

அவள் வாங்கவில்லை. “இந்தத் தடவ நீங்களே போடுங்க. எங்க அமுக்கணும்னு மட்டும் காட்டறேன். நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்.”

இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வெகுநேரம் ஆனது. அக்கா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.