பாலாற்றில் ஒரு குடை அகலம்

ஆம்பூருக்குப் போகும் வழியில், வறண்ட பாலாற்று மணலில் என் ஜட்கா நிற்கிறது. எதிரே தோல் கட்டுகள் ஏற்றிய இரண்டு மாட்டுவண்டிகள் பக்கம் பக்கமாக நின்று வழியை அடைத்திருக்கின்றன. இங்கே வரப்போகும் பாலத்தின் அகலத்தைக் காட்ட, ஓவர்சியர் மணலில் முளையடித்துக் கயிறு கட்டியிருக்கிறார். சக்கரங்கள் கயிற்றுக்குள் அடங்குகின்றன. தோல் கட்டுகள் வெளியே பிதுங்குகின்றன.

"சக்கரத்த அளந்தீங்க, பாரத்த அளக்கலியே ஐயா," என்கிறார் மாட்டுவண்டிக்காரர் முனுசாமி. "ரெண்டு வண்டி எதிரெதிரா வந்தா, ஓரமா நடந்து போறவன் இன்னா பண்ணுவான்?"

ஓவர்சியர் சுற்றிலும் பார்க்கிறார். ஜட்காவிலிருந்து இறங்கி, மடக்கிய குடையோடு சும்மா நிற்பவன் நான் ஒருவன்தான்.

"சார், கொஞ்சம் இந்த வண்டியோரம் நில்லுங்க."

நிற்கிறேன். உப்புத் தோலின் வாடை மூக்கைத் துளைக்கிறது.

"குடைய விரிங்க சாமி," என்கிறார் முனுசாமி. "மழையில எவன் மடக்கிக்கினு போவான்?"

விரிக்கிறேன். ஓவர்சியர் முணுமுணுத்தபடியே முளையைப் பிடுங்கி, குடையின் விளிம்புக்கு நேரே அடிக்கிறார். பிறகு நோட்டில் எழுதுகிறார். எட்டிப் படிக்கிறேன்: "இரண்டு பாரவண்டி. ஓரத்தில், குடையோடு ஓர் ஆள்."

அந்த ஆள் நான்தான். ஆம்பூர் வரை குடையை மடக்க மனம் வரவில்லை.