அயிரைக்கு விலை பேசியவன்

எங்கள் வீட்டில் மூன்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அடுப்பு ஒன்றுதான்.

நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மனைவி அதே கல்லூரியில் விலங்கியல். குளத்து மீன்களைக் காப்பாற்றுவது அவள் துறை. கரிசல் காட்டில் உட்கார்ந்துகொண்டு மீனை ஆராய்வது மொட்டைத் தலையனுக்குச் சீப்பு விற்கிற மாதிரி என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த உவமையை நான் அத்தோடு ஓய்வுபெற வைத்துவிட்டேன். மூன்றாவது ஆராய்ச்சி கோடை விடுமுறைக்கு மட்டும் வரும். அது அவளுடைய அண்ணன். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் செவ்வாய்க் கிரகத்தின் மண்ணைப் பற்றிப் படிக்கிறவர். செவ்வாய்க்கு இன்னும் பஸ் விடாத காரணத்தால் இடைசெவல் பக்கம் வந்து எங்கள் கரிசல் வெடிப்புகளைப் படம் பிடித்துக்கொண்டு போவார்.

“இங்கன விழுத வெடிப்பும் அங்கன விழுந்திருக்க வெடிப்பும் அண்ணந்தம்பி மாதிரி இருக்கு மாப்ளே. தண்ணி இருந்து காஞ்ச எடம்னு அர்த்தம்.”

“தண்ணி இருந்து காஞ்ச எடத்தப் பாக்க அவ்வளவு தூரம் ராக்கெட் விடணுமா மச்சான்? எங்க தெருக்குழாய வந்து பாத்தாப் போதாதா?”

மச்சான் சிரிப்பார். அந்தக் குடும்பத்தில் சிரிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கோடையில் மூன்று ஆராய்ச்சியும் ஒரே கண்மாயில் வந்து மோதிக்கொண்டன. கழுகுமலைக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். முந்தைய ஆண்டு மழை ஏமாற்றியதில் கண்மாய் பெரும்பாலும் காய்ந்து, ஓடை வந்து சேருகிற மணல் மூலையில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. காய்ந்த பகுதி மச்சானுக்கு. அவர் வெடிப்புகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மஞ்சள் கொடிகளை நட்டுவைக்க, சோலார் கம்பெனிக்காரன் நிலம் அளக்கிறான் என்று ஊரில் பேச்சாகி, அவர் செவ்வாய்க் கிரகம் என்று விளக்கம் சொல்ல, சோலாரே தேவலை என்று ஊர் முடிவுக்கு வந்தது.

தண்ணீர் மனைவிக்கு. சுற்றுவட்டாரக் கண்மாய்களில் எல்லாம் ஜிலேபி மீன் பெருகி மற்றதைத் தின்று தீர்த்துவிட்டது. அவள் தேடிப் பார்த்தவரை அயிரை மிச்சமிருந்தது இந்த மூலையில்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். இங்கே அது போய்விட்டால், தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் எல்லாம் தூர்ந்து கிடக்கிற இந்தக் காலத்தில் வேறெங்கிருந்தும் நீந்தி வந்து சேரப் போவதில்லை. தண்ணீரோ ஆடி வரை தாங்காது. வற்றுவதற்குள் கொஞ்சம் அயிரையை எடுத்து ஒரு கிணற்றில் வைத்திருந்து, மழைக்குப் பிறகு திரும்ப விட வேண்டும். அவள் வருடக் கணக்காகச் செய்த வேலை அந்த இடுப்பளவு தண்ணீருக்குள் கிடந்தது.

எனக்கு ஊர் வழக்கம். அந்தப் பக்கத்தில் கண்மாய் வற்றும்போது ஒரு நாள் குறித்து மீனை அழிப்பார்கள். ‘அழி’ என்றே அதற்குப் பெயர். நாள் குறித்த பிறகு யாரும் தண்ணீரில் கைவைக்கக் கூடாது. ஊர்த் தலைவர் கரையில் நின்று துண்டை வீசியதும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் உட்பட எல்லாரும் இறங்கலாம். பிடித்தவர்க்குப் பிடித்தது சொந்தம். ஆனால் ஒரு மீனைக்கூட விற்கக் கூடாது; விற்றால் மழை பெய்யாது. ஏலம் விட்டால் கோயில் கோபுரத்துக்கு வண்ணமடிக்கலாம். இருந்தும் ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் நான் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: வருகிற ஞாயிறு அழி.

மனைவி அன்றைக்கே கிளம்பிவிட்டாள். நானும் துணைக்குப் போனேன். தலைவர் தீப்பெட்டி ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன் வைத்திருப்பவர். கோயில் மண்டபத்தில் நாலைந்து பேரோடு இருந்தார்.

“அண்ணாச்சி, சனிக்கெழம ஒரு மணி நேரம் குடுங்க. அயிரைய மட்டும் டிரம்ல எடுத்துக் கெணத்துல விட்டுக்கிடுதேன். மழை பெஞ்சதும் திரும்பக் கொண்டாந்து விட்டுருதேன்” என்றாள்.

“ஊரு எறங்குமுன்ன ஒருத்தரு கை வச்சா நல்லாருக்குமா டீச்சர்? நாளைக்கு எல்லாவனும் கேப்பான்லா.”

தூணோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, “கொழம்பு வைக்கவா கேக்காவ? கெணத்துல விடத்தான கேக்காவ” என்றார். தலைவர் காதைச் சொறிந்தார். சம்மதத்துக்கு ஒரு சொறிதான் பாக்கி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குள்ளிருந்த பொருளாதாரப் பேராசிரியர் எழுந்து நின்றார்.

“சும்மா வேண்டாம் அண்ணாச்சி. கிலோ என்ன வெலன்னு சொல்லுங்க. மார்க்கெட் வெலயே குடுத்திருதோம்.”

தலைவர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“வானத்தப் பாத்துக்கிட்டு ஊரே உக்காந்திருக்கு. இவரு வெல போடுதாரு” என்றார் எங்களுக்குப் பரிந்து பேசிய அதே அக்கா.

“மீன வித்துட்டு மழைக்கு எங்க சார் போறது?” என்றார் தலைவர். “ஞாயித்துக்கெழம துண்டு வீசுவேன். எல்லாரு மாதிரி நீங்களும் எறங்குங்க. புடிச்சது உங்களுது.”

திரும்பும்போது மனைவி பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நாலாட்டின்புதூர் தாண்டியதும், “கண்மாய் மீனுக்கு வெல பேசக் கூடாதுங்கதுதான நீங்க எழுதின கட்டுரையில மொத வரி?” என்று கேட்டாள்.

“ரெண்டாவது வரி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கரை முழுக்க மோட்டார் பைக். தலைவர் சாமி கும்பிட்டுத் துண்டை வீசினார். அடுத்த நிமிடம் மச்சானின் செவ்வாய்க் கிரகத்தின் மீது ஒரு ஜனக்கூட்டம் ஓடியது. மஞ்சள் கொடிகளில் ஒன்றைப் பிடுங்கி ஒருவர் தலைப்பாகையில் செருகிக்கொண்டார். மச்சான் ஒரு பெருமூச்சோடு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தங்கைக்காக இறங்கினார். இறங்கியவர் முழங்கால் வரை புதைந்து, அங்கேயே நின்று களிமண்ணை விரலால் உருட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி கொசுவலையோடு மணல் மூலைக்குப் போய்விட்டாள். எனக்கு ஊத்தா கொடுத்தார்கள். அடியும் முடியும் திறந்த கூடை அது. மேலிருந்து அமுக்கி, உள்ளே மாட்டிய மீனைக் கைவிட்டு எடுக்க வேண்டும். முதல் அமுக்கிலேயே எதுவோ மாட்டியது.

“என்ன சார், பெருசா?” என்றார் பக்கத்தில் ஒரு பெண்.

“என் காலு.”

“விட்டுருங்க. அது இன்னும் வளரணும்.”

அதற்குப் பிறகு அதுவும் மாட்டவில்லை. இங்கேதான் நான் எந்தக் கட்டுரையிலும் எழுதாத இன்னொரு வழக்கம் இருந்தது. அழியில் இறங்கியவர் வெறும் வாளியோடு கரையேறினால் ஊருக்கு ஆகாதாம். என் வாளியை எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் இரக்கப்பட்டு ஆளுக்கொரு மீன் போட்டார்கள். போட்டதும் இருப்பதில் பெரிய மீன். இருப்பதில் பெரிய மீன் ஜிலேபி. வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அந்த ஊரில் அந்த வாரம் நான் ஏற்கெனவே ஒன்று சொல்லியிருந்தேன்.

மனைவி வந்தாள். அவளுடைய டிரம்மில் அடியை மறைக்கிற அளவுக்குக்கூட அயிரை இல்லை. கூட்டத்தில் அவளுக்கு வலை போட இடமே கிடைக்கவில்லை. என் வாளியைப் பார்த்தாள்.

“எந்த மீனு கண்மாயில இருக்கக் கூடாதுன்னு நான் எழுதுதேனோ, அத வாளி நெறய வாங்கி வச்சிருக்கீங்க.”

மணல் மூலையில் கொசுவலை வைத்திருந்த பெண்கள் அயிரையை அள்ளித் தூக்குவாளிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அத்தனையும் புளித்தண்ணீரில் கொதிக்கும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், முதலில் நின்ற பெண்ணிடம் போனேன். எங்களுக்காகப் பேசிய அந்த மண்டபத்து அக்காவேதான்.

“அக்கா, இந்த ஜிலேபிய எடுத்துக்கிட்டு ரெண்டு கை அயிரை தருவீங்களா?”

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுவும் வெலதானா?” என்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அண்ணே, வெலக்கார சாரு மீன மாத்தக் கேக்காரு. ஆகுமா?”

கரையில் நாலைந்து பேர் கூடிப் பேசினார்கள். ஒருவர் ஆகாது என்றார். இன்னொருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரை எதிர்த்தார். கடைசியில் தலைவர், “நடுவுல ரூவா வரலல்லா? அப்பம் வியாவாரம் இல்ல. வீட்டுக்கு வீடு கொழம்பு மாத்துததில்லயா? மாத்திக்கிடுங்க” என்றார்.

பண்டமாற்று என்பதைப் பாடப்புத்தகம் முதல் அத்தியாயத்தில் அரைப்பக்கத்தில் முடித்துவிடும். நானும் வருடா வருடம் அதை அவசரமாகத் தாண்டிப் போகிறவன். அன்றைக்கு இடுப்பளவு சகதியில் நின்று அந்த அரைப்பக்கத்தை முழுதாக நடத்தினேன். “இவ்வளவு பெரிய கை அள்ளாதீங்க, உள்ளங்கையால அள்ளுங்க” என்று ஒருவர். “இந்த ஜிலேபி செத்து நேரமாச்சு, ஒரு கைதான்” என்று இன்னொருவர். “அயிரை ருசி தெரியாதவ இருந்தாப் போய்க் கேளுங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் உண்டு. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முள் குறைந்த துண்டு மீன் தேவலை. போகப் போக அவர்களே தேடி வந்தார்கள். வாளி காலியானதும் மச்சானை அனுப்பி மறுபடி வெறும் வாளியோடு நிற்கச் சொன்னேன். அவர் முகத்துக்கு என்னைவிட நிறைய விழுந்தது.

டிரம்கள் நிறைந்தன. தலைவரே தன் தோட்டத்துக் கிணற்றைக் கொடுத்தார். வேனில் பின்சீட்டைக் கழற்றி, டிரம்முக்குள் காற்றுக்குமிழி ஓடவிட்டு, அன்றைக்கே கிணற்றுக்குள் இறக்கிய வலைக்கூண்டில் அயிரையை விட்டோம். மச்சான் ஊருக்குப் போகும்போது இரண்டு படங்கள் காட்டினார். அழிக்கு முன் எடுத்தது செவ்வாய் மாதிரி இருந்தது. பின் எடுத்தது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருந்தது. இரண்டாவதையும் வைத்திருக்கப் போவதாகச் சொன்னார்.

விடுமுறையில் தினமும், கல்லூரி திறந்த பிறகு மாலையிலும் மனைவி கிணற்றுக்குப் போனாள். சில செத்தன. பெரும்பாலானவை இருந்தன. ஐப்பசியில் மழை பிடித்தது. மீனை விற்காததுதான் காரணம் என்று ஊர் சொன்னது, மறுக்க என்னிடம் தரவு இல்லை. கண்மாய் பாதி நிறைந்த ஒரு காலையில் அயிரையைக் குடங்களில் எடுத்துப்போனோம். அழிக்கு வந்த பெண்கள் சிலரும் வேலைக்குப் போகிற வழியில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார்கள். மனைவி குடத்தைச் சரித்துத் தண்ணீரோடு தண்ணீராக விட்டாள். கலங்கலில் அவை போனதுகூடத் தெரியவில்லை.

“நல்லாப் பெருகட்டும் டீச்சர். அடுத்த அழிக்கு ஆகும்லா” என்றார் தலைவர்.

அவள் மீன் பாதுகாப்பைப் பற்றி வகுப்பெடுத்துவிடுவாளோ என்று பயந்து நான் வேனைப் பார்த்தேன்.

“ஆகும் அண்ணாச்சி. அதுக்குள்ள அதுக நாலு மழையாவது பாத்திரும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த குடத்துக்குக் கை நீட்டினாள்.