பட்டை குடோன் எரிந்த வெள்ளிக்கிழமை

1. சாவி என்னிடம் இருந்தது

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. முதலாளிமார் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள், எங்களுக்கும் அன்றுதான் ஓய்வு. என்னைப்போல ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் முதல் பூசையை முடித்துக்கொண்டு நேராக வேலைக்கு ஓடுவோம்.

ஐம்பதுகளில் நான் ஒரு தோல் ஷாப்பில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஒரு பக்கம் பாலாறு, மறுபக்கம் ரயில் பாதை, நடுவில் எங்கள் ஷாப்பு. தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். மலைப்பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக மாட்டுவண்டியில் வரும். அதை இறக்கி அடுக்கி, தொட்டி வேலைக்கு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பட்டை குடோனுக்குக் கீற்றுக் கூரை. சாவி ஒன்றுதான், அதுவும் என் இடுப்பில்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை பட்டை வண்டிக்காரர்கள் லீவு என்று தெரியாமல் வந்துவிட்டார்கள். மாடுகள் வெயிலில் நிற்கின்றன என்று என் வீட்டுக்கு ஆள் வந்து சொன்னான். போய்க் கதவைத் திறந்து பட்டையை இறக்க வைத்தேன். வண்டிகளை அனுப்பிவிட்டுக் குடோனைப் பூட்டினேன். கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் முனிசாமியைக் காணவில்லை. அவர் உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது. "முனிசாமி அண்ணே!" என்று இரண்டு குரல் கொடுத்தேன். பதில் இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்து, கேட்டைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சோற்றில் கை வைத்திருப்பேன். தெருவில் கூச்சல் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் ஷாப்புப் பக்கம் புகை மரம்போல் எழுந்து நிற்கிறது.

ஓடினேன். கூரை முழுக்கப் பற்றிக்கொண்டிருந்தது. தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழித் தண்ணீரைக்கூட மொண்டு ஊற்றினோம். வாசலோரம் இருந்த கட்டுகளையாவது காப்பாற்றலாம் என்று கதவைத் திறந்து இழுத்தேன். வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. கட்டுகளும் மிஞ்சவில்லை. பட்டை எரியும்போது ஒரு துவர்ப்பு வாசனை வரும். ஊருக்குள் சில நாள் அந்த வாசனை அடங்கவே இல்லை.

2. நான் சொன்ன ஒரு வார்த்தை

தீ அணைந்ததும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "எப்படி?" என்பதல்ல, "யாரு?" என்பதுதான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மேனேஜருக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. அதுவரைக்கும் பட்டையைப் பெண்கள்தான் உலக்கையால் இடித்தார்கள். இடிக்க ஒரு மெஷின் வாங்கப் போகிறார்கள், பெண்களை நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவர்கள் அழுதுகொண்டு என்னிடம் வந்தார்கள். நான் மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"இவங்கள்ல பாதி பேரு புருஷன் இல்லாதவங்க சார். திடீர்னு நிறுத்துனா இன்னா பண்ணுவாங்க?"

"அது உன் வேல இல்ல அருளப்பா. நீ ஸ்டோர பாத்துக்கோ."

"ஏழைங்க வயிறு எரியுது சார். அந்த வயித்தெரிச்சல் சும்மா வுடாது."

அவ்வளவுதான் சொன்னேன். தமிழ் பேசுகிற எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் குடோன் சாம்பலான பிறகு அதே வார்த்தை அவர் காதில் வேறு மாதிரி ஒலித்திருக்கிறது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. நான்தான் தீ வைத்தேன் என்று உண்மையாகவே நம்பி, அப்படியே போலீசில் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவரைக் கோபித்துக்கொண்டாவது ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலமே கான்ஸ்டபிள் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கைக்கு என் மனைவி செல்வமேரி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேஷனுக்கு வாய்யா. ஐயா கூப்புடறாரு. கேட்டுட்டு வுட்டுடுவாரு."

செல்வமேரி நம்பினாள். "சீக்கிரம் வந்துடுங்க, கஞ்சி வெச்சிருக்கேன்" என்றாள்.

3. விசாரணை

ஸ்டேஷனில் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுவரோரம் தரையில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் உள்ளூர்க்காரர் இல்லை. மெதுவாகப் பேசுவார். அடிக்கிற வேலையை ரைட்டர் செய்வார்.

"எரியும்னு சொன்னியா?"

"வயிறு எரியுதுன்னு சொன்னேன் ஐயா."

"எரியும்னு சொன்ன. எரிஞ்சிடுச்சு. யாரு தூண்டி வுட்டா? அந்த பட்டை இடிக்கிற பொம்பளைங்களா?"

"யாரும் இல்ல ஐயா. நான் ஒன்னும் பண்ணல."

"கையி எப்டி வெந்துச்சு? தீ வெக்கும்போது சுட்டுக்கிச்சா?"

கட்டுகளை இழுத்தபோது வெந்தது என்று சொன்னேன். ரைட்டர் சிரித்தார். வெந்த கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். நான் போட்ட சத்தம் எனக்கே யாரோ போட்டது போலக் கேட்டது. குடோனைக் காப்பாற்றப் போன கை, எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்று அந்த வலியைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது.

மறுநாள் முனிசாமியைக் கூட்டி வந்து என் எதிரில் நிறுத்தினார்கள்.

முனிசாமி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். பெண்சாதி இறந்து பல வருஷம். வள்ளி என்று ஒரே பெண். மெலிந்த பெண், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். அப்பாவுக்குச் சோறு கொண்டு வந்தால் என் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் போவாள். நோய் முற்றி அப்போது வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். "வெள்ளிக்கிழமை நீ எங்க இருந்த?"

"கேட்லதான் எஜமான்."

"எந்நேரமும்?"

"எந்நேரமும் எஜமான்."

"உள்ள யாரு போனா?"

"இவர்தான். பட்டை வண்டிக்காரங்க தவுர வேற யாரும் வரல."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, நான் போவும்போது உன்ன கூப்ட்டேனே. ஸ்டூலு காலியா கெடந்துச்சே. நீ இல்லியே அண்ணே!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் கேட்லதான் இருந்தேன்" என்றார். ரைட்டர் என் கன்னத்தில் அறைந்தார்.

அவர் போன பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சரி, நீ வெக்கலன்னே வெச்சிக்குவோம். அவன் பொய் சொல்றான்னு நீ சொல்ற. அப்போ அவன்தான் வெச்சிருக்கணும். அப்டியே சொல்லு, எழுதிக்கறேன். நீ வீட்டுக்குப் போவலாம்."

வெளியே மரத்தடியில் செல்வமேரி தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளோடு நடந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

"அவரு கேட்ல இல்ல ஐயா, அது நெஜம். ஆனா தீ வெச்சார்னு நான் பாக்கல."

"பாக்காதத சொல்ல மாட்டியோ?"

"பாக்காதத சொல்லித்தான ஐயா என்ன இங்க இட்டாந்திருக்காங்க?"

நான் துடுக்காகச் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்விட்டார். அன்று ரைட்டர் அதிகமாக அடித்தார்.

4. முனிசாமி மறுபடியும் வந்தார்

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை. என்னைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்டேஷன் வாசலில் யாரோ வந்து நின்றார். தலை ஈரம் காயவில்லை, வேட்டியில் மண். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"இன்னாய்யா, யாரு நீ?" என்றார் ரைட்டர்.

"வாட்ச்மேன் முனிசாமி. இன்ஸ்பெக்டர் எஜமான பாக்கணும்."

இன்ஸ்பெக்டர் வந்தார். முனிசாமி கை கூப்பவில்லை. நேராக நின்று, யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்.

"அன்னிக்கு நான் கேட்ல இல்ல எஜமான். வேலூருக்குப் போய்ட்டேன். பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னு ஆஸ்பத்திரியில இருந்து ஆளு வந்து சொன்னான். டூட்டிய வுட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா வேல போய்டும். வேல போனா அவ மருந்துக்கு நான் எங்க போவேன்? அதான் பொய் சொன்னேன்."

"இப்ப எதுக்கு வந்து சொல்ற?"

"நேத்து போய்ட்டா எஜமான். பொதைச்சிட்டு வர்றேன். இனிமே எனக்கு வேல எதுக்கு? இவர வுட்டுடுங்க. இவரு எங்கொழந்தய ஸ்டோர் வாசல்ல ஒக்கார வெச்சித் தண்ணி குடுத்தவரு."

ரைட்டர்கூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சுவரோரத்தில் உட்கார்ந்தபடி அழுதேன். வள்ளிக்காக அழுதேனா, விடுதலை வந்ததற்காக அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டில் ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் இன்ஸ்பெக்டர் மற்றவர்களை விசாரிக்க ஆரம்பித்தார். ரயில் பாதையில் வேலை செய்யும் கேங்மேன் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் சொன்னது இதுதான். அன்று மத்தியானம் ஒரு கூட்ஸ் வண்டி போன பிறகு பாதையோரக் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. எஞ்சின் நெருப்புப் பொறிதான். அவரும் இன்னொருவரும் தழையால் அடித்து அணைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது காற்று எங்கள் ஷாப்புப் பக்கம் அடித்தது, குடோன் கூரையில் புகை வந்தது.

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"யாரும் கேக்கல சார். ஆளப் புடிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க, அப்ப சரி, யாரோ வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

5. திரும்பி வந்த பிறகு

என்னை விட்டுவிட்டார்கள். முதலாளி பாய் என்னைக் கூப்பிட்டு, கட்டுப்போட்ட கையைச் சிறிது நேரம் பார்த்தார். "ரொம்ப பேஜார் ஆயிடுச்சுப்பா. போ, கை ஆறுனதும் வேலைக்கு வா" என்றார். மேனேஜர் அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஸ்டோர்" என்றுதான் கூப்பிடுவார்.

முனிசாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் போய்ப் பேசிப் பார்த்தேன். டூட்டியில் இல்லாத வாட்ச்மேனை எப்படி வைத்துக்கொள்வது என்றார்கள். மெஷினும் வந்தது. பட்டை இடித்த பெண்கள் ஒவ்வொருவராக எங்கெங்கோ போனார்கள்.

போலீஸ் விட்டாலும் ஊர் உடனே விடவில்லை. தெருக்குழாயில் செல்வமேரி போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். வருஷங்கள் கழித்து என் மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள், காப்பி குடித்து முடித்த பிறகு, "அந்த தீ கேசு ஒன்னு இருந்துச்சாமே?" என்று மெல்லக் கேட்டார்கள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். திரும்பி வரவில்லை. என் மகள் காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தறி நெய்யும் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வேறு இடத்தில் நல்லபடியாகவே அமைந்தது.

முனிசாமியை மறுபடி பார்த்தது வாலாஜாபேட்டைச் சந்தையில். தோல் பதனிடக் கடுக்காய் வாங்கப் போயிருந்தேன். ஒரு மண்டி வாசலில் கோணி தைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்தார். இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எம்மேல கோவமா அருளு?"

"இல்ல அண்ணே. எம்பொண்ணு கெடந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"நீ கோவப்படாட்டியும் மேல இருக்கறவன் வுடலியே. பொய்ச் சாட்சி சொன்ன ஒடனே எம்பொண்ண எடுத்துக்கினான். நான் உன்ன மாட்டி வுடாம இருந்திருந்தா அவ பொழச்சிருப்பா."

எனக்குப் பதறிப் போயிற்று. "இன்னா அண்ணே பேசற? அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? அவளுக்கு ஹார்ட்டுல கோளாறு."

அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. வெந்த கைக்கு வைத்தியம் பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பழக்கத்தில் ஒரு நர்ஸம்மாவைத் தெரியும். வள்ளி கிடந்த வார்டில் இருந்தவர். கேட்டேன். "அந்தப் பொண்ணு வரும்போதே முத்திப் போச்சுங்க. யாரு இன்னா பண்ணியிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது" என்றார். இதைச் சொல்வதற்காகவே மறுபடி வாலாஜாவுக்குப் போனேன். முனிசாமி கேட்டுக்கொண்டார். பிறகு என் வெந்த கையைத் தன் கையில் எடுத்து, தழும்பைத் தடவினார்.

"நீ நல்லவன். அதான் எனக்காக இவ்ளோ தூரம் வந்து சொல்ற" என்றார். நம்பவில்லை.

பிறகு நான் சூப்பர்வைசரானேன். தோல் காணாமல் போனாலும், தொட்டியில் ஊறும் தோல் கெட்டுப்போனாலும், முதலில் ஒரு பேரோடுதான் என்னிடம் ஓடி வருவார்கள். "பேரு அப்புறம். நடந்தது இன்னா, அத சொல்லு" என்பேன். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

என்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு கேங்மேன் இருந்தார், ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தார், எல்லோருக்கும் முன்னால் முனிசாமியே இருந்தார். அவர் தன்மேல் தானே போட்டுக்கொண்ட பழியும் பொய்தான். எனக்குத் தெரியும், அந்த நர்ஸம்மாவுக்கும் தெரியும். அவர் சாகிறவரைக்கும் எங்கள் சாட்சியை ஏற்றுக்கொள்ளவே இல்லை.