நவநீதகிருஷ்ணன் துடைத்த கம்ப்யூட்டர்

என் தங்கை ஸ்ரீமதியின் புருஷன் நவநீதகிருஷ்ணனைப் பற்றி சிவகாசியில் யாரும் கெட்டதாகப் பேசமாட்டார்கள். பேசுகிற அளவுக்கு அவன் எதையும் செய்ததில்லை. தண்ணீர் கேன் ஏஜென்சி எடுத்தான், மூடினான். தீப்பெட்டி கமிஷன் பார்த்தான், விட்டான். ஒவ்வொரு தடவையும் மேஜையைக் கழுவி, சாமி படத்தை மாற்றி, நாற்காலியை வடக்கே பார்த்துத் திருப்பிப் போட்ட பிறகுதான் தோற்பான்.

அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. ரொம்பப் பழசு. ஆன் பண்ணிவிட்டு உலை வைத்து, சோறு வடித்துவிட்டு வந்தால் திரை தெரியும். அதை வைத்துத்தான் ஸ்ரீமதி குடும்பத்தை ஓட்டினாள். திருத்தங்கலில் ஜெயச்சந்திரன் அண்ணாச்சியின் அச்சகத்துக்குக் காலண்டர் டிசைன் செய்து கொடுப்பாள். போன ஆடிக்குத்தான் முதல்முறையாக, மாதிரிக் காலண்டர்களைத் தொகுத்த ஆல்பம் முழுவதையும் அவளிடம் ஒப்படைத்திருந்தார். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அதை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு ஆர்டர் கொடுப்பார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லையென்றால் அச்சகத்துக்கு சீசன் போச்சு, ஸ்ரீமதிக்கு வேலை போச்சு.

அந்த நேரம் பார்த்து நம்ம மாப்பிள்ளை துரைக்குப் பட்டாசு கிப்ட் பாக்ஸ் கம்பெனி தொடங்கும் யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பழசையெல்லாம் அழித்துத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றப் போகிறானாம்.

ஸ்ரீமதி படித்துப் படித்துச் சொன்னாள். "என் வேலை பூரா டி டிரைவ்ல கெடக்கு. இன்னும் பென் டிரைவ்ல காப்பி எடுக்கல. அண்ணாச்சிகிட்டக் குடுக்குற வரைக்கும் தொடாதீக."

மறுநாள் நானும் அவளும் விஸ்வநத்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பினோம். அவன் வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். வீடியோ பார்த்து, பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, ராகு காலம் முடியும்வரை காத்திருந்து பட்டனை அமுக்கியிருக்கிறான். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வேறு.

"டி டிரைவ்?" என்றாள் ஸ்ரீமதி.

"அதையுந்தான். பழசுல ஒரு துரும்பு ஒட்டியிருந்தாலும் தொழில் விளங்காதுன்னு ஜோசியரு சொல்லிட்டாரு. இப்பப் பாரு, எம்புட்டு வேகமாத் தெறக்குது!"

ஸ்ரீமதி டி டிரைவைத் திறந்து பார்த்தாள்; ஒன்றுமே இல்லை.

"ஏன் மாப்ள, உங்களோடது ஏதாச்சும் அதுல இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன மதினி அதுல இருக்கு?" என்று சிரித்தான்.

உண்மைதான். அழிப்பதற்குக்கூட அவனுடையது என்று ஒன்று இருந்ததில்லை.

ஸ்ரீமதி கட்டியிருந்த பட்டுச் சேலையோடு திருத்தங்கலுக்கு பஸ் ஏறினாள். அண்ணாச்சி திட்டித் தீர்த்தார். பிறகு, சரிபார்க்க அவள் ஏற்கெனவே அச்செடுத்துக் கொடுத்திருந்த மாதிரித் தாள்களை அவள் முன்னால் போட்டு, "இங்கனயே உக்காந்து முதல்ல இருந்து போடும்மா" என்றார். ராத்திரி பகல் பாராமல் போட்டாள். அவள் மகள் ஹர்ஷினி அதுவரை என் வீட்டில் சாப்பிட்டாள். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் பூஜைக்கு வந்துவிட்டது. அச்சகத்தில் அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டரும் மாதச் சம்பளமும் ஆனது.

"நான் தொடச்ச நேரந்தான் அவளுக்கு நல்ல காலம் பொறந்துச்சு" என்று இவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். வெட்கம் என்பது இவன் பிறந்த பக்கமே வரவில்லை போலும்.

தீபாவளி வந்தது, போனது. கிப்ட் பாக்ஸ் கம்பெனி திறக்கவில்லை. எண் கணிதப்படி பெயர் சரியாக அமையவில்லையாம். ஆனால் கார்த்திகையில் ஸ்ரீமதியிடம், "நம்ம கம்பெனி பேரு போட்டு ஒரு காலண்டர் கொண்டாயேன்" என்றான்.

அவளும் கொண்டுவந்தாள். நல்ல மகாலட்சுமி படம். அடியில் கம்பெனி பெயர் அச்சடிக்கும் இடத்தை வெறுமையாக விட்டு, அவன் துடைத்த கம்ப்யூட்டருக்கு நேர் மேலே ஆணியில் மாட்டினாள்.

"பேரு முடிவானதும் சொல்லுங்க, போட்டுக்கிறலாம்" என்றாள்.

இப்போது தையும் பிறந்துவிட்டது. தினமும் காலையில் அவன்தான் தேதித் தாளைக் கிழிக்கிறான். பெயர் போடும் இடம் வெள்ளையாகவே இருக்கிறது.